மடிச்சத பகிர்ந்துக்கிறது எப்படி? ஒரிகாமி நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க ஏழெட்டு பேர் ஒண்ணா உக்காந்து பேப்பர் மடிப்போம், அஞ்சாறு வருஷமா நடக்குது. புதுசா வர்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க, போன்லயும் அதேதான் வருது, ஒவ்வொருத்தருக்கும் அவசரத்துல பாதி பதில்தான் சொல்ல முடியுது. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய விட்டிருக்கேன்.

ஒரிகாமின்னா கத்திக்கப்பல், ராக்கெட் செய்றதுதானே? இதுல ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துக்க என்னங்க இருக்கு?

கத்திக்கப்பலும் ஒரிகாமிதான், அதுல சந்தேகமே வேண்டாம். உங்களுக்கு அத யார் சொல்லிக்குடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அக்காவா இருக்கும், மாமாவா இருக்கும், பக்கத்து பெஞ்சு பையனா இருக்கும், புத்தகம் பாத்து கத்துக்கிட்டவங்க கம்மிதான். ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு வந்தது. நடுவுல ஒருத்தர் ஒரு மடிப்ப மறந்திருந்தா அந்தத் தெருவோட நின்னுருக்கும். ஜப்பான்லயும் கொக்கும் தவளையும் ரொம்ப காலம் இப்படித்தான் வீட்டுக்குள்ளயே போய்க்கிட்டு இருந்துச்சு.

இன்னிக்கு ஒரே சதுரப் பேப்பர்ல, வெட்டாம ஒட்டாம, ஆறு காலும் கொம்பும் இருக்குற வண்டு மடிக்கிறாங்க. அத பாத்து மனசுல பதிய வச்சுக்க முடியாது. வழிய எழுதி வைக்கணும், யாரோடதுன்னு சொல்லணும், அதுக்குப் பின்னாடி இருக்குற கணக்கையும் மத்தவங்களுக்கு காட்டணும். கீழ வர்ற கேள்விகள் எல்லாம் இத சுத்தித்தான்.

டயகிராம்ல இருக்குற கோடு, புள்ளி, அம்புக்குறி ஒண்ணுமே புரியல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

டயகிராம்னா எப்படி மடிக்கணும்னு படிப்படியா வரைஞ்ச படங்கள். அதுல ரெண்டே ரெண்டு கோட்ட மட்டும் முதல்ல பழகிக்கோங்க. விட்டு விட்டு வர்ற சின்னக் கோடு பள்ள மடிப்பு, அதாவது பேப்பர் உங்கள நோக்கி மடியும், மடிச்ச இடம் பள்ளமா இருக்கும். கோட்டுக்கு நடுநடுவுல புள்ளி வந்தா மலை மடிப்பு, பேப்பர் பின்பக்கமா போகும், முதுகு மாதிரி நிக்கும். அம்பு எதுல இருந்து எதுக்குன்னு சொல்லுது. ஒரு படம் புரியலைன்னா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அடுத்த படத்த பாருங்க, இது அப்படி ஆகணும்னா நான் என்ன பண்ணணும்னு கேட்டா பாதி நேரம் பதில் வந்துடும்.

இந்தக் குறிகள் எல்லாம் அகிரா யோஷிசாவாங்குற ஜப்பான்காரர்கிட்ட இருந்து வந்தது, 1911ல பொறந்தவர், 1954ல வந்த அவரோட புத்தகம்தான் ஆரம்பம். 1960கள் தொடக்கத்துல அமெரிக்காவுல சாமுவேல் ரேண்ட்லெட்டும் இங்கிலாந்துல ராபர்ட் ஹார்பினும் அதையே எடுத்துக்கிட்டு கொஞ்சம் சேத்தாங்க. அதனாலதான் ஜப்பானிய மொழில ஒரு எழுத்து தெரியாம நாம ஜப்பான் புத்தகத்த வச்சு மடிக்க முடியுது. இசைக்கு ஸ்வரம் எழுதி வச்ச மாதிரி இது, எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும்.

கை நடுங்குறவங்க, சின்னப் பசங்க, பார்வை கம்மியா இருக்குறவங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்னா ப்யூர்லேண்ட்னு ஒரு வகை இருக்கு, இங்கிலாந்துல ஜான் ஸ்மித்ங்குறவர் ஆரம்பிச்சது. ஒரு நேரத்துல ஒரே ஒரு மடிப்பு, அதுவும் மலை இல்லைன்னா பள்ளம், வேற சிக்கல் எதுவும் கிடையாது. புதுசா வர்றவங்களுக்கு நான் முதல்ல குடுக்குறதும் அதான்.

என்ன பேப்பர் வாங்கணும்? ஆன்லைன்ல வர்ற ஜப்பான் பேப்பர்தான் வேணுமா?

வேண்டாம். ஏ4 ஷீட்ட சதுரமா வெட்டிக்கோங்க, பழகுறதுக்கு அது போதும். பெரிய மாடலுக்கு நோட்டுக்கு அட்டை போடுற பிரவுன் ஷீட் அருமையா இருக்கும், மடிப்பு விழுந்தா நிக்கும், சீக்கிரம் கிழியாது, விலையும் கம்மி. ரெடியா வர்ற கலர் பேப்பர் வழக்கமா 15 செ.மீ. சதுரம், ஒரு பக்கம் கலர் ஒரு பக்கம் வெள்ளை. வாங்கினவுடனே ரெண்டு குறுக்கையும் மடிச்சுப் பாருங்க, நுனியோட நுனி சேரலைன்னா அது சதுரமே இல்ல, அத வச்சு கஷ்டமான மாடல் ஆரம்பிச்சா நாப்பதாவது மடிப்புல உங்க மேலயே உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்.

போட்டோ அனுப்புறேன், எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க, அதோட சரி. கூட என்ன எழுதணும்?

நாலு விஷயம் எழுதுங்க. டிசைன் யாரோடது, மடிச்சது யாரு, என்ன பேப்பர் எத்தன சென்டிமீட்டர், எந்தப் புத்தகத்துலயோ வீடியோலயோ பாத்து மடிச்சீங்க. டிசைன் பண்ணவரும் மடிச்சவரும் வேற வேற ஆளுங்கறது நம்மகிட்ட ரொம்ப பேருக்குப் பழக்கம் இல்லாத யோசனை. ஆனா கீர்த்தனை பாடுறவர் வேற, அத எழுதினவர் வேறன்னு நமக்குத் தெரியும்ல, அதே மாதிரி. ரெண்டு பேருக்கும் மதிப்பு உண்டு, ரெண்டையும் சொல்லிடணும்.

பேப்பர் சைஸ ஏன் கேக்குறேன்னா, அத பாத்து இன்னொருத்தர் மடிக்கப் போறாங்க. 15 செ.மீ.ல முடியாத மாடல் இருக்கு, 50 செ.மீ. எடுத்தாதான் கால் விரல் வரைக்கும் வரும். இந்த ஒரு வரி எழுதாததால எத்தன பேர் நல்ல பேப்பர வீணாக்கியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்தன்.

டிசைனர் யாருன்னு தெரியல. "ட்ரெடிஷனல்"னு போட்டுட்டா பிரச்சனை இல்லல்ல?

பிரச்சனைதான். ட்ரெடிஷனல்னா யாரோடதுன்னு யாருக்குமே தெரியாத அளவுக்குப் பழசு. கொக்கு அப்படி, ஊதுனா உப்புற தண்ணி பாம் அப்படி, சாமுராய் தொப்பி அப்படி. 1797லயே ஜப்பான்ல கொக்குங்கள ஒண்ணோட ஒண்ணு பிரிக்காம ஒரே பேப்பர்ல மடிக்கிறதுக்குன்னு ஒரு புத்தகம் அச்சாயிருக்கு, "செம்பாஸுரு ஒரிகாதா"ன்னு பேரு, 49 விதம். அப்போ சாதாரணக் கொக்கு அதுக்கும் முன்னாடியே ஊரறிஞ்சதா இருந்திருக்கணும்.

நமக்குத் தெரியலங்கறதும், யாருக்குமே தெரியலங்கறதும் ஒண்ணு இல்ல. உயிரோட இருக்குற ஒருத்தர் ஒரு வருஷம் உக்காந்து டிசைன் பண்ணதுக்கு ட்ரெடிஷனல்னு போட்டா அவர் பேர நாமே அழிச்ச மாதிரி ஆயிடும், அடுத்து பாக்குறவரும் அதையே நம்பி எழுதுவார், அப்படியே பரவிடும். "டிசைனர் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு எழுதுங்க. எங்க ஆளுங்கள்ல யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும், பத்து நிமிஷத்துல பேர் வந்துடும்.

புத்தகத்தோட பிடிஎஃப் என்கிட்ட இருக்கு. எல்லாருக்கும் அனுப்பட்டுமா? பேப்பர் மடிக்கிறதுக்கெல்லாம் காப்பிரைட்டா?

அனுப்பாதீங்க. டயகிராம்ங்கறது ஒருத்தர் கைப்பட வரைஞ்ச படம், கூட எழுத்து. இந்தியாவுல 1957 சட்டப்படி எழுதினவர் காலத்துக்கும் அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் காப்பிரைட் உண்டு. அத விட முக்கியம், ஒரிகாமி புத்தகம் எழுதி யாரும் பங்களா கட்டல, அடுத்த புத்தகம் வரணும்னா இது விக்கணும். இலவசமா வேணும்னா மனசார இலவசமா குடுக்குறவங்க இருக்காங்க. நம்ம நாட்டுல அர்விந்த் குப்தா பேப்பர் பொம்மை, அறிவியல் பொம்மை எல்லாத்தையும் யாரும் எடுத்துக்கலாம்னு வச்சிருக்கார், அத தாராளமா அனுப்புங்க.

2011ல நடந்தது ஒண்ணு சொல்றேன். சாரா மோரிஸ்ங்குற ஓவியர் தன்னோட பெயிண்டிங்ல ஒரிகாமி க்ரீஸ் பேட்டர்ன்கள, அதாவது மாடல பிரிச்சா தெரியுற மடிப்புக் கோடுகளோட வரைபடங்கள எடுத்து கலர் குடுத்து வரைஞ்சிருந்தாங்க, கேக்கவும் இல்ல, பேரும் போடல. ராபர்ட் லாங், தோஷிகாசு கவாசாகி உட்பட ஆறு டிசைனர்கள் அமெரிக்காவுல கேஸ் போட்டாங்க, 2013ல சமரசமா முடிஞ்சுது. மடிச்ச பேப்பர பிரிச்சா தெரியுற கோடுகள் கூட ஒருத்தரோட உழைப்புதான்னு அன்னிக்குத்தான் வெளியாளுங்க நிறைய பேருக்குப் புரிஞ்சுது.

நானே சொந்தமா ஒண்ணு மடிச்சேன், ரொம்ப அழகா வந்துச்சு, மறுநாள் மடிச்சா வரல. என்ன பண்றது?

இது எல்லாருக்கும் நடக்கும். முதல் வேலை, அந்த ஒரிஜினல பத்திரமா வைங்க, பிரிக்காதீங்க. அத பாத்துக்கிட்டே இன்னொரு பேப்பர்ல முயற்சி பண்ணுங்க. கடைசியா வேற வழியே இல்லைன்னா மட்டும் பிரிக்கலாம், அப்பவும் ஒவ்வொரு மடிப்பு பிரிக்கும் போதும் போன்ல ஒரு போட்டோ, பின்னாடி அந்த போட்டோக்கள தலைகீழா வரிசப்படுத்தினா அதுவே உங்க டயகிராம். வழி புடிபட்டதும் ஒரே மாடல பத்து பேப்பர்ல பத்து நிலையில நிறுத்தி மடிச்சு, நம்பர் போட்டு ஒரு கவர்ல வைங்க. படம் வரையத் தெரியாதவங்களுக்கு இத விட நல்ல வழி கிடையாது.

அர்ஜென்டினாவுல லிஹியா மொன்டோயான்னு ஒரு அம்மா இருந்தாங்க, 1967ல இறந்துட்டாங்க. வெளிநாட்டு நண்பர்களோட அவங்களுக்குத் தொடர்பு எல்லாம் தபால்லதான், கடிதத்துக்குள்ள மடிச்ச மாடலையே வச்சு அனுப்புவாங்க. கண்டம் விட்டு கண்டம் ஒரு பேப்பர் பறவை கவருக்குள்ள தட்டையா போய் இறங்கியிருக்கு, அத நெனச்சா எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். இன்னொரு பக்கம் யோஷிசாவாவ பாருங்க, 50,000க்கு மேல மாடல் பண்ணியிருக்கேன்னு 1989ல அவரே சொன்னார், டயகிராமா வெளிவந்தது சில நூறுதான். மிச்சம் எல்லாம் அவர் விரல்ல இருந்தது, 2005ல அவரோட போயிடுச்சு. அதனாலதான் மடிச்ச அன்னிக்கே பதிஞ்சு வைங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

கண்டுபிடிப்புன்னா புது மாடல் மட்டும்தானா? எனக்கு மாடல் எல்லாம் டிசைன் பண்ண வராது.

இல்லவே இல்ல. ஒரு சதுரப் பேப்பர் எடுங்க, இப்பவே எடுங்க. மேல் விளிம்போட நடுவ மட்டும் ஒரு சின்ன கிள்ளு கிள்ளி அடையாளம் வைங்க. கீழ வலது மூலைய தூக்கிட்டு வந்து அந்த நடுப்புள்ளில வச்சு மடிங்க. இப்போ கீழ் விளிம்பு சாய்வா மேல போயிருக்கும், அது இடது விளிம்ப எங்க வெட்டுதோ அந்த இடம் மேல இருந்து சரியா மூணுல ரெண்டு பங்கு. ஸ்கேல் இல்லாம மூணா பிரிச்சாச்சு. மேல வலது மூலைல ஒரு சின்ன முக்கோணம் தெரியும் பாருங்க, அதோட பக்கங்கள் 3, 4, 5 விகிதம்.

இத கண்டுபிடிச்சவர் கசுவோ ஹாகா, ட்சுகுபா பல்கலைக்கழகத்துல உயிரியல் பேராசிரியர், கணக்கு வாத்தியார் கூட கிடையாது. ஒரே ஒரு மடிப்பு, ஆனா இன்னிக்கு உலகம் முழுக்க டிசைனர்கள் பேப்பர மூணா பிரிக்க அத பயன்படுத்துறாங்க. கஷ்டமான மடிப்ப ஈஸியா மடிக்கிற விதம், பேப்பர் கிழியாம இருக்க ஒரு யோசனை, ஸ்டெப் வரிசைய மாத்தினா சுத்தமா வருதுங்கறது, எல்லாமே கண்டுபிடிப்புதான். எழுதி அனுப்புங்க.

ஒரு மாடலுக்கு வெறும் கோடு கோடா ஒரு சதுரம் மட்டும் குடுத்திருக்காங்க. இத வச்சு எப்படி மடிக்கிறது? டயகிராம் குடுத்தா என்னவாம்?

அதுதான் க்ரீஸ் பேட்டர்ன், எல்லாரும் சிபின்னு சொல்றோம். மாடல முழுசா பிரிச்சு வச்சா என்னென்ன கோடு தெரியுமோ அதோட வரைபடம். பெரும்பாலும் சிவப்பு மலை, நீலம் பள்ளம். எது முதல் எது அடுத்ததுங்கறது அதுல இருக்காது, எல்லா கோட்டையும் முன்கூட்டியே மடிச்சு வச்சுட்டு மெதுவா ஒரே நேரத்துல சுருட்டிக் கொண்டு வரணும், கொலாப்ஸ்னு சொல்லுவோம். டயகிராம் வரைய மாசக்கணக்குல ஆகும், சிபி ஒரு நாள்ல முடியும். அவங்க கஞ்சத்தனம் பண்றாங்கன்னு நெனைக்காதீங்க, இருக்குற நேரத்துல எத குடுக்க முடியுமோ அத குடுக்குறாங்க.

பேஸ்னா ஒரு மாடலுக்கு முன்னாடி மடிச்சு வைக்கிற அடிப்படை வடிவம், கொக்குக்கு வர்றது பேர்ட் பேஸ்; அந்த மாதிரி தெரிஞ்ச பேஸோட சிபிய முதல்ல பழகுங்க, கொக்க மடிச்சு பிரிச்சுப் பாத்தாலே கிடைக்கும். ரெண்டு விதிய மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தட்டையா மடியுற எந்தப் பேப்பர்லயும் உள்பக்கம் இருக்குற ஒரு புள்ளில சேர்ற மலை மடிப்போட எண்ணிக்கைக்கும் பள்ள மடிப்போட எண்ணிக்கைக்கும் வித்தியாசம் எப்பவும் 2தான், இது மாயேகாவா விதி. அந்தப் புள்ளிய சுத்தி இருக்குற கோணங்கள ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டினா 180 டிகிரி வரும், இது கவாசாகி விதி. நீங்க வரைஞ்ச சிபி மடியலைன்னா இந்த ரெண்டையும் புள்ளி புள்ளியா சரிபாருங்க, விட்டுப்போன கோடு பல சமயம் இதுலயே மாட்டிக்கும். ஜுன் மித்தானி எழுதின ஒரிப்பா, ராபர்ட் லாங் எழுதின ட்ரீமேக்கர், சிபி உருவாக்க உதவுற இந்த ரெண்டு சாஃப்ட்வேரும் இலவசம்.

நான் கஷ்டப்பட்டு கண்டுபிடிச்சத இன்னொருத்தர் பத்து வருஷம் முன்னாடியே பண்ணிட்டாராம். இப்போ நான் திருடினதா ஆயிடாதா?

ஆகாது. சதுரமும் அதோட கோணமும் எல்லாருக்கும் ஒண்ணுதான், சின்ன மாடலா இருந்தா ரெண்டு பேர் கைல ஒரே மாதிரி வர்றது சகஜம். மேல சொன்ன ரெண்டு விதியையே பிரான்ஸ்ல ஜாக் ஜஸ்டினும் தனியா கண்டுபிடிச்சார். காலும் கொம்பும் எங்க வரணும்னு பேப்பர்ல வட்டம் வட்டமா அடுக்கி டிசைன் பண்ற முறைய அமெரிக்காவுல லாங்கும் ஜப்பான்ல மெகுரோ தோஷியுகியும் ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிக்காம கண்டுபிடிச்சாங்க. யாரும் யாரையும் திருடன்னு சொல்லல.

தெரிஞ்ச பிறகு நீங்க என்ன பண்றீங்கங்கறதுதான் கேள்வி. "நான் தனியா மடிச்சேன், இன்னார் முன்னாடியே பண்ணிருக்காங்கன்னு இப்போ தெரிஞ்சுது"ன்னு ரெண்டு பேரையும் போடுங்க. தெரிஞ்சும் மறைச்சா அது வேற.

வேற ஒருத்தர் மாடல்ல காத மட்டும் மாத்தினேன். என் பேர் போட்டுக்கலாமா?

அவர் பேர முதல்ல போட்டு, மாத்தம் உங்களோடதுன்னு அடுத்து போடுங்க. சோனோபே யூனிட்ட எடுத்துக்கோங்க, மிட்சுனோபு சோனோபே பண்ண சின்னத் துண்டு, ஆறு துண்டு சேத்தா க்யூப், 12 சேத்தா ஒரு நட்சத்திரம், 30 சேத்தா பெரிய முள்ளுப் பந்து. அதுல ஒரு மடிப்பு கூட சேத்தா பந்து மேல கோலம் மாதிரி வேற டிசைன் வரும், உலகத்துல அந்த மாதிரி மாத்தம் எக்கச்சக்கமா இருக்கு. எல்லாரும் சோனோபே வகைன்னுதான் சொல்றாங்க, அதனால யாருக்கும் மரியாதை குறையல.

எவ்ளோ மாத்தினா புதுசுன்னு அளவுகோல் கிடையாது. ஒரிஜினல் டிசைனர் பாத்தா "இது என்னோடது"ன்னு சொல்லுவாரான்னு யோசிங்க, சொல்லுவார்னு தோணினா அவர் பேர் இருக்கணும்.

ஸ்கூல்ல க்ளாஸ் எடுக்குறேன், ஃபீஸ் உண்டு. கொலுவுக்கு மடிச்சு விக்கவும் செய்றேன். வீடியோவும் போடலாம்னு இருக்கேன். எதெல்லாம் தப்பு?

ட்ரெடிஷனல் மாடல்னா, அதாவது நிஜமாவே ட்ரெடிஷனல்னா, மேல சொன்னத பாருங்க, மூணுமே தாராளமா பண்ணலாம். டிசைனர் இருக்குற மாடலுக்கு மூணுக்கும் கேட்டுட்டு பண்ணுங்க. ஒரு மெயில் போதும், யாரு, எங்க, எத்தன பேருக்கு, எவ்ளோ ஃபீஸ்னு நாலு வரி. குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடுக்குறேன்னு கேட்டப்போ நான் கேட்டவங்கள்ல ஒருத்தர் கூட மாட்டேன்னு சொன்னதில்ல, பசங்க மடிச்ச போட்டோவ அனுப்புங்கன்னுதான் கேட்டாங்க.

வீடியோதான் ரொம்ப சிக்கல். புத்தகத்துல இருக்குற மாடல ஸ்டெப் ஸ்டெப்பா வீடியோல காட்டிட்டா அந்தப் புத்தகத்த வாங்க ஆள் இருக்காது. அனுமதி கிடைச்சா போடுங்க, டிசைனர் பேரும் புத்தகப் பேரும் தலைப்புலயே வரட்டும். பதில் வரலைன்னா அத சம்மதம்னு எடுத்துக்காதீங்க. விக்கிறதுலயும் அதேதான்.

நம்ம ஆளுங்க யாராவது இதுல பேர் சொல்ற மாதிரி எதாவது பண்ணிருக்காங்களா?

பண்ணிருக்காங்க, அதுவும் 1893ல. மதராஸ் மாகாணத்துல அரசாங்க அதிகாரியா இருந்த டி. சுந்தர ராவ், பேப்பர் மடிச்சே ஜியாமெட்ரி பாடம் நடத்துற மாதிரி ஆங்கிலத்துல ஒரு புத்தகம் எழுதினார், மதராஸ்ல அடிசன் கம்பெனி அச்சடிச்சுது. காம்பஸ் கிடையாது, சதுரப் பேப்பர் மட்டும், அதுல ஐங்கோணம், அறுகோணம்னு ஒவ்வொண்ணா மடிச்சுக் காட்டுறார். சின்னக் குழந்தைங்களுக்கு கிண்டர்கார்டன்ல பேப்பர் மடிக்கக் குடுக்குறத பாத்துத்தான் இந்த யோசனை வந்துச்சாம்.

அந்தப் புத்தகம் போன பாதைய கேளுங்க. ஜெர்மனில ஃபெலிக்ஸ் க்ளைன்னு பெரிய கணித மேதை, அவர் 1895ல வந்த தன்னோட புத்தகத்துல இத குறிப்பிட்டார். க்ளைன் புத்தகத்த இங்கிலீஷுக்குக் கொண்டு வந்த பெமன், ஸ்மித்ங்குற ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் அந்தக் குறிப்ப பாத்து சுந்தர ராவ் புத்தகத்த தேடிப் புடிச்சு 1901ல சிகாகோல மறுபடி அச்சாக்குனாங்க. க்ளைன் அந்தப் பேர எழுதாம விட்டிருந்தா சென்னைக்கு வெளிய எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? பேர் போடுங்க பேர் போடுங்கன்னு நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னு கேக்குறவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன்.

நான் அனுப்பின டயகிராம்ல தப்பு இருக்குன்னு ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். இனிமே அனுப்பவே தோணல.

அனுப்புங்க. சுந்தர ராவே தன் புத்தகத்துல கோணத்த மூணா பிரிக்க தோராயமான வழிதான் குடுத்தார், கனமூலத்த மடிச்சு எடுக்க முடியாதுங்கற மாதிரி எழுதினார். 1936ல இத்தாலில மார்கரீட்டா பெலோக், ரெண்டு புள்ளிய ஒரே மடிப்புல ரெண்டு கோட்டு மேல விழ வச்சா முப்படிச் சமன்பாட்டையே தீக்கலாம்னு காட்டிட்டாங்க, கனமூலமும் அதுல அடக்கம். கோணத்த துல்லியமா மூணா மடிக்கிற வழிய ஹிசாஷி அபே 1980ல வெளியிட்டார். அதுக்காக சுந்தர ராவ் புத்தகத்த யாரும் தூக்கிப் போடல, இன்னிக்கும் படிக்கிறாங்க.

தப்பு சொன்னவர் அந்த டயகிராம கடைசி வரைக்கும் மடிச்சுப் பாத்திருக்கார், அதுவே பெரிய விஷயம். எந்தப் படத்துல மாட்டிக்கிட்டார்னு கேளுங்க. அந்தப் படத்துக்கு முன்னாடி ஒரு நிலைய சேத்து வரைஞ்சு, தேதி போட்டு, திருத்தினதுன்னு எழுதி, அவர் பேரையும் கீழ போட்டு திரும்ப அனுப்புங்க, பழைய காப்பி வச்சிருக்குறவங்களுக்கும் தனியா ஒரு மெசேஜ் போட்டுடுங்க.